கைவிடப்பட்ட ஸ்டோரேஜ் அறைகளை ஏலத்தில் எடுத்து விற்பது: சிங்கப்பூரில் எடுபடுமா?

ஈசூன்வாசி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது. அமெரிக்காவில் வாடகை கட்டாமல் விட்டுப்போன ஸ்டோரேஜ் அறைகளை ஏலம் விடுகிறார்கள். எடுத்தவர் உள்ளே இருக்கும் சாமானை விற்றுக் காசாக்குகிறார். அந்தக் காணொளிகளை ராத்திரி தூக்கத்தை விட்டுப் பார்த்து வருகிறேன். இங்கேயும் காக்கி புக்கிட், உபி, தோ பாயோ என்று தொழிற்பேட்டைப் பக்கமெல்லாம் ஸ்டோரேஜ் கட்டடங்கள் வந்துவிட்டன. வீடு மாறுகிறவர்கள், கடையை மூடியவர்கள், வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் சாமானை அங்கேதான் போட்டு வைக்கிறார்கள். அவர்களில் வாடகை பாக்கி வைப்பவர்களும் இருக்கத்தானே செய்வார்கள்?

எனக்கு ஷிஃப்ட் வேலை, வாரத்தில் சில பகல் கையில் இருக்கிறது. 3,000 வெள்ளி ஒதுக்கி வைத்திருக்கிறேன். மச்சானிடம் வேன் உண்டு. இந்தத் தொழில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: இங்கே ஏலம் எப்படி நடக்கிறது, என்ன விலைக்கு எடுக்கலாம், எங்கே விற்பது, சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

சான்ஹோசே மாமா

தம்பி, நான் அங் மோ கியோவில் வளர்ந்தவன், இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே பல வருடமாக இந்த ஏலங்களுக்குப் போய் வருகிறேன். நீங்கள் பார்க்கும் காணொளிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த மாநிலத்தில் 14 நாள் வாடகை பாக்கி நின்றால் கிடங்குக்காரர் முதல் அறிவிப்பு அனுப்பலாம். அதில் கொடுக்கும் கெடுவும் முடிந்த பிறகுதான் அடுத்த அறிவிப்பு, விளம்பரம், அப்புறம் விற்பனை. ஏலத்தில் வரும் பணத்தில் பாக்கியும் செலவும் போக மிச்சம் இருந்தால் அது வாடகைக்கு எடுத்தவருடைய பணம். ஒரு வருடத்துக்குள் அவர் வந்து கேட்காவிட்டால் மாவட்ட நிர்வாகத்துக்குப் போய்விடும். கிடங்குக்காரர் அதைத் தன் பையில் போட்டுக்கொள்ள முடியாது.

ஏலத்தன்று பூட்டை வெட்டிக் கதவைத் தூக்குவார்கள். வாசலில் நின்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். உள்ளே கால் வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. சில நிமிடத்தில் விலை கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். எடுத்தவர் உடனே பணத்தைக் கட்டி, தன் பூட்டைப் போட்டு, ஓரிரு நாளில் அறையைத் துடைத்துவிட்டதுபோல் காலி செய்து கொடுக்க வேண்டும். வேண்டியதை எடுத்துக்கொண்டு மெத்தையை மட்டும் விட்டுவிட்டுப் போனால், காலி செய்வதற்குப் பிணையாகக் கட்டிய முன்பணம் போய்விடும், அடுத்த தடவை உள்ளேயே விடமாட்டார்கள். இப்போது பெரும்பாலும் எல்லாம் இணையத்தில்தான். நாலைந்து படத்தைப் பார்த்து விலை சொல்ல வேண்டியிருக்கிறது.

2010 வாக்கில் தொலைக்காட்சியில் இது பிரபலமானது. அதற்குப் பிறகு கூட்டம் பெருகி விலை ஏறிவிட்டது. முன்பு சுலபமாக எடுத்த அறையை இப்போது யோசித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பூட்டுச்சாவி

நான் இங்கே ஒரு ஸ்டோரேஜ் நிறுவனத்தில் முகப்பு அலுவலகத்தில் வேலை பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன், இடத்துக்கு இடம் மாறும்.

மாமா சொன்ன மாதிரித் தனிச் சட்டத்தை வைத்து நாங்கள் வேலை செய்யவில்லை. வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம்தான் எல்லாம். பாக்கி நின்றால் சாமானைப் பிடித்துவைக்கலாம், இத்தனை நாளுக்கு மேல் போனால் விற்கலாம் அல்லது அப்புறப்படுத்தலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். முதலில் குறுஞ்செய்தி, மின்னஞ்சல். அப்புறம் வாசல் கதவின் ரகசிய எண்ணை முடக்குவோம். அடுத்து அவர் பூட்டுக்கு மேல் எங்கள் பூட்டு. பிறகு பதிவுத் தபால். இதெல்லாம் மாதக் கணக்கில் இழுக்கும், ஏனென்றால் நிறுவனத்துக்குச் சாமான் மேல் ஆசை கிடையாது. அறை காலியாகி அடுத்த வாடகை வந்தால் போதும்.

அதனால் காணொளியில் வருகிற மாதிரிக் கூட்டம் கூட்டி ஏலம் விடுவதை நான் வேலை பார்த்த இடத்தில் பார்த்ததே இல்லை. பழகிய வியாபாரிகள் சிலருக்கு வாட்ஸ்அப்பில் படம் போகும், யார் அதிகம் சொல்கிறாரோ அவருக்கு. சில அறைகளுக்கு யாருமே விலை சொல்லமாட்டார்கள். காசு கொடுத்து அள்ளிக்கொண்டு போகச் சொல்ல வேண்டிவரும். அந்த வட்டத்துக்குள் எப்படி நுழைவது என்றுதான் ஈசூன்வாசி முதலில் யோசிக்க வேண்டும்.

ஈசூன்வாசி

நன்றி பூட்டுச்சாவி. யாருமே விலை சொல்லாத அறை என்றால் உள்ளே என்ன இருக்கும்?

பூட்டுச்சாவி

மெத்தை, உடைந்த சோஃபா, ஐகியா அலமாரிப் பலகை, மூடிய கடையின் அட்டைப் பெட்டிகள், காலாவதியான அழகுப் பொருள், பத்து வருடக் கணக்குக் கோப்புகள். வீட்டில் வைக்க இடமில்லாமல், தூக்கிப்போடவும் மனமில்லாமல் வைத்த சாமான்தான் முக்கால்வாசி. விலையுள்ளது என்று தெரிந்தால் அவரே வாடகை கட்டி வைத்துக்கொண்டிருப்பாரே.

காக்கிபுக்கிட் அண்ணன்

தம்பி, நான் பழைய சாமான் வியாபாரி. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் உட்கார்ந்து விற்றவன். 1930களிலிருந்து இருந்த அந்தச் சந்தையை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடினார்கள். பிறகு நாங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டோம். ஸ்டோரேஜ் அறைகளை நானும் எடுத்திருக்கிறேன், இப்போதும் எடுக்கிறேன். கராங்குனி (வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் வாங்குகிறவர்கள்) நண்பர்களோடு சேர்ந்துதான் எடுப்பேன். தனியாக எடுத்தால் கட்டுப்படியாகாது.

கணக்கைப் பார்ப்போம். அறையை 400 வெள்ளிக்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் பொருள் சேவை வரி போட்டால் இன்றைய 9 விழுக்காட்டில் அதுவே 436 ஆகிவிடும். முன்பணம் தனி. வேன் மச்சானுடையது என்றாலும் அலமாரி, ஃபிரிட்ஜ் இருந்தால் டெயில்கேட் வைத்த லாரி வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். விற்காததைக் கழிக்கவும் காசு. அந்தக் கட்டடத்துக் குப்பைத் தொட்டியில் போட முடியாது, கேமரா இருக்கிறது. உங்கள் புளோக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு நகர மன்றத்தை எடுத்துப்போகச் சொல்வதும் சரியில்லை. அந்த இலவசச் சேவை குடியிருப்பாளரின் வீட்டுச் சாமானுக்கு. ஆக, 400க்கு எடுத்த அறை கையில் வந்து சேரும்போது 700, 800 ஆகியிருக்கும். அதற்கு மேல் விற்றால்தான் உங்கள் உழைப்புக்குக் கூலி. ஒவ்வொரு சாமானையும் துடைத்து, படம் எடுத்து, பழைய சாமான் விற்கும் கரோசல் செயலியில் போட்டு, "இருக்கிறதா", "கடைசி விலை என்ன" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, எம்ஆர்டி வாசலில் காத்திருக்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

என்ன விலைக்கு எடுக்கலாம் என்று கேட்டீர்களே, படத்தைப் பார்த்து எப்படி மதிப்பிடுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தொழிலே அதில்தான் இருக்கிறது.

பெட்டிகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே டேப், பக்கவாட்டில் எந்த அறைச் சாமான் என்று எழுதியிருந்தால் காசு கொடுத்து ஆள் வைத்துக் கட்டிய வீடு. அங்கே நல்ல சமையல் பாத்திரமாவது இருக்கும். பேரங்காடிப் பெட்டி, கறுப்புக் குப்பைப் பை, பாதி திறந்து கிடக்கும் பெட்டி என்று கலந்து கிடந்தால் அவசரத்தில் கொண்டுவந்து கொட்டியது, அல்லது சொந்தக்காரரே பாதியில் வந்து நல்லதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தரைத் தூசியில் பெட்டி இருந்த சதுரத் தடம் தெரிந்தால் நான் விலையே சொல்லமாட்டேன்.

அடுத்து, குளிரூட்டிய அறையா இல்லையா என்று கேளுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டைத் தாண்டும். குளிரூட்டாத அறையில் சில வருடம் கிடந்த தோல் சோஃபா உரிந்துவிடும், கேமரா லென்ஸுக்குள் நூல் நூலாகப் பூஞ்சை ஓடும், புத்தகத்தில் பழுப்புப் புள்ளி விழும், ரப்பர் பேண்ட் உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பித்தளை, எவர்சில்வர், பீங்கான், தேக்கு இவைதான் தாங்கும்.

ஒரு அறையை எடுத்துப் பிரித்தபோது குக்கர், தோசைக்கல், இடியாப்பக் குழல், அம்மிக்கல் எல்லாம் ஒரு பெட்டியில் இருந்தன. அடியில் செய்தித்தாளில் சுற்றிய குத்துவிளக்கு. தமிழ் முரசுத் தாள், நாலாக மடித்து, திரி வைக்கும் முகத்துக்குத் தனியாக, தண்டுக்குத் தனியாக, அடிப்பாகத்துக்குத் தனியாகச் சுற்றியிருந்தார்கள். பிரித்தால் திரியின் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே இருந்தன. தாளில் இருந்த தேதியைப் பார்த்தேன். எப்போது கட்டினார்கள் என்பதை அதுதான் சொல்லும். சுற்றிய தாளை ஒருபோதும் கசக்கிப் போடாதீர்கள். எந்த வருடத்துச் சாமான் என்று வாங்குகிறவர் கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். அந்த விளக்கு நல்ல விலைக்கே போயிற்று. மற்ற சாமானில் லாரிக் காசுதான் வந்தது.

சட்டம்படித்தவன்

காக்கிபுக்கிட் அண்ணன் தொழிலைச் சொல்லிவிட்டார், நான் சட்டத்தைப் பொதுவாகச் சொல்கிறேன். உங்கள் விஷயத்துக்கு வழக்கறிஞரிடமோ அதிகாரிகளிடமோ நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு எடுத்தவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் விற்கும் அதிகாரம் இருக்கிறதா, அதன்படி அறிவிப்புகள் போயினவா என்பதுதான் வேர். அது சரியில்லை என்றால் உங்களுக்கு விற்றவரிடமே உரிமை இல்லை, உங்களுக்கு எங்கிருந்து வரும்? அதனால் ரசீதும், எந்த அறை, எந்த அதிகாரத்தில் விற்கிறார்கள் என்ற கடிதமும் வாங்காமல் ஒரு பெட்டியைக் கூட நகர்த்தாதீர்கள்.

ஒப்பந்தம் சரியாக இருந்தாலும் உள்ளே திருட்டுப் பொருள் இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்று வைத்துக்கொள்வது குற்றவியல் சட்டத்தின் 411ஆம் பிரிவில் வரும். பெட்டி நிறைய முத்திரை பிரிக்காத கைப்பேசிகள் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், போலீசைக் கூப்பிடுங்கள்.

பழைய பொருள் வாங்கி விற்பதற்கென்றே 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சில வகைப் பொருளுக்குப் போலீஸ் உரிமம் வேண்டும். உங்கள் பட்டியலில் அவை வருகின்றனவா என்று காவல்துறை இணையத்தளத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய அறைகளில் தந்தச் சிலை, தந்த வளையல் வரும். 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தத்தை இங்கே விற்கவே கூடாது, விற்பதற்காகக் காட்சிக்கு வைக்கவும் கூடாது. வைத்திருக்கலாம், நன்கொடையாகக் கொடுக்கலாம். மின்சிகரெட் இருந்தால் வைத்திருப்பதே 2018 பிப்ரவரியிலிருந்து குற்றம்.

இன்னொன்று, இதைப் படிக்கும் பல பேருக்கு இது பொருந்தும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் அனுமதியில் பெயர் உள்ள முதலாளிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். வார இறுதியில் ஏலச் சாமான் விற்பதும் தொழில்தான். ஆசைப்பட்டு அனுமதியை இழந்துவிடாதீர்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் லாபத்தை வருமானக் கணக்கில் காட்ட வேண்டும்.

ஈசூன்வாசி

நான் நிரந்தரவாசிதான், அந்தக் கவலை இல்லை. சாமானை வீட்டில் வைத்து விற்கலாமா? நாலறை வீடு, வெளியே தாழ்வாரம் கொஞ்சம் அகலம்.

காக்கிபுக்கிட் அண்ணன்

தாழ்வாரத்தில் வைக்காதீர்கள் தம்பி. 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி. பழைய அட்டைப் பெட்டியும் மெத்தையும் தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி எப்படி வெளியே வருவார்? வீட்டுக்குள் வைத்தால் கரப்பானும் மூட்டைப்பூச்சியும் கூடவே வரும். துணி, மெத்தை, பிரம்பு எதையும் நான் வீட்டுக்குள் கொண்டுபோனதில்லை.

நாணயப்பிரியன்

புதையல் கதைகள் எல்லாம் பொய்யா அப்போ? பழைய நோட்டுக் கட்டு கிடைத்தது என்று கேள்விப்படுகிறோமே.

சான்ஹோசே மாமா

பொய் இல்லை. 1989இல் நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் ஒரு தம்பதி உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் சுமார் 100 டாலருக்கு ஒரு கிடங்கை எடுத்தார்கள். உள்ளே இருந்தது 1977இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தண்ணீருக்குள் போகும் வெள்ளை லோட்டஸ் கார். 2013இல் லண்டனில் அது 6 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போயிற்று, வாங்கியவர் இலான் மஸ்க்.

நடிகர் நிக்கோலஸ் கேஜ் வீட்டிலிருந்து 2000ஆம் ஆண்டில் திருடுபோன முதல் சூப்பர்மேன் காமிக்ஸ் இதழ் 2011இல் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒரு ஸ்டோரேஜ் அறையில் கிடைத்தது. அந்த வருடக் கடைசியில் 20 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. ஆனால் அந்தப் பணம் கண்டெடுத்தவருக்குப் போகவில்லை, இதழ் கேஜிடம் திரும்பிப் போய் அவர்தான் விற்றார். சட்டம் படித்த தம்பி மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இவை உலகச் செய்தியானது அபூர்வம் என்பதால்தான். ஆயிரக்கணக்கான அறைகளில் கிடைத்த மைக்ரோவேவைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

காக்கிபுக்கிட் அண்ணன்

நாணயப்பிரியன், நோட்டு கிடைக்கும், ஆனால் அவசரப்படாதீர்கள். ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டு இங்கே பழைய வீடுகளில் சாதாரணமாகக் கிடைப்பது, பெரும்பாலானவற்றுக்குச் சில வெள்ளிதான். சிங்கப்பூரின் பழைய ஆர்க்கிட், பறவை, கப்பல் வரிசை நோட்டுகள் மடிப்பே இல்லாமல் இருந்தால் விலை, கசங்கியிருந்தால் முகமதிப்பு. சிங்கர் தையல் இயந்திரத்துக்கும் இதே நிலைதான். தொடர் எண்ணை வைத்து எந்த வருடத்தில் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம், நூறு வருடம் ஆனது என்று தெரிந்ததும் ஆயிரம் வெள்ளி கேட்கிறார்கள். அந்த இயந்திரம் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது, எல்லார் பாட்டி வீட்டிலும் இருந்தது. தேடுகிறவர் குறைவு, வைத்திருப்பவர் அதிகம். எனக்கு வழக்கமாகக் காசு கொடுப்பவை கைக்கருவிகள், நல்ல சமையல் பாத்திரம், எனாமல் பூசிய அடுக்குத் தூக்கு, தேக்கு நாற்காலி, சலூனோ சாப்பாட்டுக் கடையோ மூடிய அறையின் துருப்பிடிக்காத எஃகுச் சாமான்.

மல்லிகைக்கொடி

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அந்தக் கதவின் இன்னொரு பக்கத்தில் இருந்தவள்.

அப்பா வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்தபோது தன் சாமானை ஒரு ஸ்டோரேஜ் அறையில் வைத்தார். வாடகை ஜைரோவில் அவர் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அவர் இறந்ததும் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது, வாடகையும் நின்றுபோனது. நிறுவனத்தின் கடிதமெல்லாம் விற்றுவிட்ட பழைய வீட்டு முகவரிக்கே போயிருக்கிறது. கைப்பேசி எண்ணும் அவருடையதுதான். வெளியூரில் இருக்கும் என் தம்பிக்கு மட்டும் அறை இருப்பது தெரியும், அவன் நான் கட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறான். நாங்கள் போய் நின்றபோது அறையில் வேறு யாரோ சாமான் வைத்திருந்தார்கள். முகப்பில் இருந்தவர் ஒப்பந்தத்தைக் காட்டினார். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஒரு மரணம் நடந்த வீட்டில் பேசுகிறோம் என்ற நினைப்பு மட்டும் அவருக்கு இல்லை.

அலமாரி, கட்டில் போனதற்கு நான் அழவில்லை. அம்மாவின் கல்யாண ஆல்பம் அதில் இருந்தது, அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்துப் படங்கள் இருந்தன. அவற்றுக்கு வேறு பிரதி இல்லை. அறையை வாங்கியவர் யார் என்று சொல்ல முடியாது என்றார்கள். நான் ஒரு கடிதம் எழுதி, அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று விட்டுவந்தேன். சில வாரம் கழித்து ஒரு சீனத்து அங்கிள் கூப்பிட்டார். ஆல்பத்தை அவர் வைத்திருந்தார், படங்கள் இருந்த பிஸ்கட் டப்பா இல்லை. காசு வாங்கவில்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈரம் படாமல் அதன் மேல் துண்டு சுற்றி வைத்திருந்தார்.

நீங்கள் இந்தத் தொழிலுக்கு வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கடப்பிதழ், அடையாள அட்டை, சான்றிதழ், படம், கடிதம், இவற்றை மட்டும் முதல் நாளே தனியாக எடுத்து அலுவலகத்தில் கொடுங்கள். வாங்க மறுத்தால் ஆறு மாதமாவது உங்களிடமே வைத்திருங்கள். ஸ்டோரேஜ் அறை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இரண்டாவது ஆளின் பெயரையும் எண்ணையும் அங்கே பதிந்துவையுங்கள். அறை இருப்பதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள்.

பூட்டுச்சாவி

அக்கா, படித்ததும் மனம் கனத்துவிட்டது. அவசரத் தொடர்பு என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும், பெரும்பாலோர் வெறுமையாக விடுவார்கள் அல்லது தங்கள் எண்ணையே மறுபடி எழுதுவார்கள். முகப்பில் இருக்கும் பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வங்கிக் கணக்கு இறப்பால் முடங்கியது என்று முன்பே தெரிந்தால், இறப்புச் சான்றிதழின் நகலைக் கொடுத்துக் கெடு கேட்கலாம். நான் இருந்த இடத்தில் கொடுத்திருக்கிறோம்.

பழையதாள்

மல்லிகைக்கொடி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் பழைய தமிழ் அச்சுப் பொருள் சேகரிப்பவன்.

விவியன் மேயர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிக்காகோவில் பணக்காரர் வீடுகளில் பிள்ளை வளர்க்கும் வேலை பார்த்தவர். வாழ்நாள் முழுக்கத் தெருக்களைப் படம் எடுத்து யாரிடமும் காட்டாமல் பெட்டியில் போட்டு வைத்தார். வயதான பிறகு ஸ்டோரேஜ் வாடகை கட்ட முடியாமல் போய், 2007இல் அவர் சாமான் ஏலத்துக்கு வந்தது. ஜான் மலூஃப் என்ற இளைஞர் ஒரு பெட்டி நெகட்டிவை சுமார் 400 டாலருக்கு எடுத்தார். 2009 ஏப்ரலில் மேயர் இறந்தார். மலூஃப் அவர் பெயரை இணையத்தில் தேடி இரங்கல் குறிப்பைக் கண்டது அதற்குச் சில நாள் கழித்துத்தான். இன்று உலகம் முழுக்க அந்தப் படங்களைக் கண்காட்சி வைக்கிறார்கள். படங்கள் குப்பைக்குப் போகாமல் பிழைத்தது ஏலத்தால்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏலம் நடந்தபோது அந்த அம்மா அதே ஊரில் உயிரோடு இருந்தார். நெகட்டிவ் உங்கள் கையில் இருந்தாலும் படத்தின் பதிப்புரிமை எடுத்தவருக்கும் அவர் வாரிசுக்கும்தான் என்று பிறகு வழக்கும் வந்தது. கடிதம், நாட்குறிப்பு, கையெழுத்துப் பிரதிக்கும் இது பொருந்தும்.

நம்மவர்கள் கைவிட்ட அறைகளில் என்ன இருக்கும் தெரியுமா? கோயில் திருவிழா அழைப்பிதழ், நாடக நோட்டீஸ், தொழிற்சங்க மலர், பள்ளி ஆண்டுமலர், மளிகைக் கடைக் கணக்குப் புத்தகம், இங்கேயே அச்சடித்து நூறு இருநூறு பிரதி விற்ற கவிதைத் தொகுப்பு. 1935இல் தமிழ் முரசு தொடங்கிய காலத்திலிருந்து நம் ஆட்கள் எழுதி அச்சடித்ததில் எவ்வளவோ பிரதி இல்லாமல் போய்விட்டது. 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்மயமாக்கியபோது தனி மனிதர்களின் வீட்டு அலமாரியில் இருந்த புத்தகங்கள் எவ்வளவு முக்கியமானவை என்று எல்லாருக்கும் புரிந்தது. கராங்குனியிடம் இந்தக் காகிதம் கிலோவுக்குச் சில காசு. தமிழ்க் காகிதத்தைக் கண்டால் எடை போடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துத் தேசிய நூலகத்துக்கோ கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்துக்கோ அனுப்பிக் கேளுங்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள், ஆனால் எது அரிதானது என்று சொல்வார்கள். விற்க வேண்டும் என்றால் என்னைப் போன்ற சேகரிப்பாளர்கள் கராங்குனி விலையைவிட நல்ல விலை தருவோம். வியாபாரமாகப் பார்த்தாலும் அதுதான் லாபம்.

காக்கிபுக்கிட் அண்ணன்

பழையதாள் சொல்வது சரி. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பதால்தான் சில பெட்டிகளைத் தனியாக வைத்தேன். என் கூட்டாளிகளுக்கு அது வெறும் காகிதம், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சாமி படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் அதில்தான் தடுமாறுவார்கள். கண்ணாடி போட்ட முருகன் படம், மாலை போட்ட தாத்தா படம் எல்லாம் வரும். விற்கவும் மனம் வராது, தூக்கிப்போடவும் மனம் வராது. நான் சாமி படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து, நல்ல நிலையில் இருந்தால் கேட்கிற குடும்பத்துக்குச் சும்மா கொடுத்துவிடுவேன். இறந்தவர் படத்தைக் கிடங்கு அலுவலகத்தில் கொடுத்து, பின்னால் அறை எண்ணை எழுதி வைக்கச் சொல்வேன். பெரும்பாலும் யாரும் வருவதில்லை. வந்தவர்களை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், அந்த இரண்டு குடும்பமும் இன்றைக்கும் எனக்குத் தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புகிறார்கள்.

ஈசூன்வாசி

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. 3,000 வெள்ளியையும் போட்டுத் தனியாக இறங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். காக்கிபுக்கிட் அண்ணனுக்குத் தனிச்செய்தி போட்டேன், அடுத்த அறைக்கு என்னையும் கூட்டிச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார். பாதிப் பணமும் தூக்குகிற வேலையும் என்னுடையவை. கரோசல் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன். காகிதமும் படமும் முதல் நாளே அலுவலகத்துக்குப் போகும், மல்லிகைக்கொடி அக்காவுக்கு அந்த வாக்கைக் கொடுக்கிறேன்.

அந்த அறையின் படம் வந்திருக்கிறது. குளிரூட்டாத அறை. பின் சுவரோரம் பழைய தமிழ் ஒலிநாடாக்கள் இரண்டு மூன்று ஷூ பெட்டி நிறையத் தெரிகின்றன. இவற்றுக்கு விலை உண்டா? போட்டுக் கேட்டுப் பார்த்து விற்கலாமா?

பழையதாள்

போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் நாடாவின் சிறு சன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. அதை ஓடவிட்டால் பொடி கருவியில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் போகும். பழைய நாடா அறுந்தும் விடும். சினிமாப் பாட்டு என்றால் கடையில் விற்ற நாடா, பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். பேனாவால் பெயர் எழுதிய நாடாக்களைத் தனியாக எடுத்து வையுங்கள். வானொலி நாடகத்தையோ கோயில் கச்சேரியையோ பதிவு செய்ததாக இருக்கலாம், வீட்டில் குழந்தை பேசியதாகவும் இருக்கலாம். அட்டையில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

காக்கிபுக்கிட் அண்ணன்

ஷூ பெட்டிக்கு முன்னால் நிற்கும் நீலக் கருவிப்பெட்டியை யாரும் கவனிக்கவில்லையா? படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் தம்பி, இழுப்பறைக் கைப்பிடி தேய்ந்திருக்கிறது, பூட்டு மட்டும் புதிது. தினமும் கருவி எடுத்துப் பிழைத்த ஆளுடைய பெட்டி அது. அறைக்கு 250 வெள்ளி வரை போகலாம், அதற்கு மேல் யாராவது கேட்டால் விட்டுவிடுவோம். சனிக்கிழமை காலை 9 மணிக்கு வேனை உபியில் நிறுத்துங்கள், கையுறையும் முகக்கவசமும் எடுத்து வாருங்கள்.